நத்தைக்குப் பதில் சர்க்கரைவள்ளி

கீழப்பழுவூர்
10-6-1979

அன்புள்ள முத்தண்ணனுக்கு,

கட்டின் கனத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பரீட்சைப் பேப்பர் இல்லை, கதை. நான்தான் எழுதியிருக்கிறேன். சிரிக்காமல் மேலே படியுங்கள்.

என் மூன்றாம் வகுப்பில் இருசம்மாள் என்று ஒரு பெண் இருக்கிறாள். மத்தியானம் மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்துகொள்ள, அவள் மட்டும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் போய்விடுவாள். ஒருநாள் நானும் பின்னாலேயே போனேன். மூடியைப் பாதி திறந்து, கையை உள்ளே விட்டு, பார்க்காமலே எடுத்துத் தின்கிறாள். உள்ளே நத்தைக் கறி. "ஏன்டி இங்க வந்து திங்கிற?" என்றேன். "ஆராச்சும் பாத்துருவாங்க டீச்சர்" என்றாள். நீங்களும் நானும் படித்த பள்ளிக்கூடத்தை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பயம் அப்படியேதான் இருக்கிறது, அண்ணே.

அவளுக்குப் படித்துக்காட்ட அலமாரியில் ஒரு கதை தேடினேன். எல்லாக் கதையிலும் பிள்ளைகள் லட்டு தின்கிறார்கள், முறுக்கு தின்கிறார்கள், ராஜா வீட்டில் பாயசம் குடிக்கிறார்கள். வயலில் பொறுக்கியதைத் தின்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதனால் நானே எழுதினேன். 'கொளஞ்சியின் தூக்குவாளி' என்று பெயர். நம் கதைதான். கொளஞ்சி என்கிற பையன் நத்தைக் கறி கொண்டுவருகிறான். மூடி திறந்துகொள்கிறது, வகுப்பே சிரிக்கிறது. அவன் "இது என்னுது இல்ல" என்கிறான். பக்கத்தில் இருக்கிற பூவாயி, "ஆமா, என்னுதுதான்" என்று வாளியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு தின்கிறாள். மறுநாள் அவன் மறுபடியும் நத்தைக் கறி கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் மூடியைத் திறக்கிறான். கடைசிப் பகுதி மட்டும் என் கற்பனை. மற்றது உங்களுக்கே தெரியும்.

சென்னையில் காசிநாதன் என்பவர் சிறுவர் புத்தகம் மட்டுமே போடுகிறாராம். அவருக்கு அனுப்ப ஆசை. நேராக அனுப்பப் பயம். நீங்கள் சிறுவர் மாத இதழில் அத்தனை வருஷம் உதவி ஆசிரியராக இருந்தவர். எத்தனை பேர் கதையை வெட்டி ஒட்டி உருப்படியாக்கியிருக்கிறீர்கள். இதையும் வெளியாள் கதையைப் போல நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். சித்தப்பா மகள் என்று தயவு காட்ட வேண்டாம். முதல் பக்கத்தில் ஒரு சமர்ப்பணம் வைத்திருக்கிறேன், அதைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

உங்கள் மாப்பிள்ளை, "எங்க வூட்டுலயும் ஒரு எழுத்தாளரு" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மானம் போகிறது. பஞ்சவர்ணம் அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நீங்கள் பெரம்பலூருக்குக் குடிவந்து எவ்வளவோ நாளாகியும் உங்கள் வீட்டுப் படியை நான் இன்னும் மிதிக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
ஆண்டாயி


பெரம்பலூர்
2-7-1979

அன்புத் தங்கை ஆண்டாயிக்கு,

பிரதியை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அண்ணனாக, இரண்டாம் முறை பென்சிலோடு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். காசிநாதனை எனக்குத் தெரியும். பத்திரிகை நின்றுபோய் நான் இங்கே தமிழாசிரியராக வந்த பிறகும், அவருக்கு வருகிற சிறுவர் கதைகளை முதலில் படித்துக் கருத்து எழுதுகிறவன் நான்தான். ஆகவே இது வெறும் அண்ணன் பேச்சு இல்லை.

உனக்கு எழுத வருகிறது. இதை நான் எல்லோருக்கும் சொல்வதில்லை. ஆனால் ஆரம்பம் சரியில்லை. சேவல் கூவுகிறது, விடிகிறது, அம்மா அடுப்பு மூட்டுகிறாள் என்று மூன்று பக்கம் போகிறது. பிள்ளைகள் அதற்குள் எழுந்து விளையாடப் போய்விடும். மத்தியான மணியில் ஆரம்பி. "மணி அடித்தது. கொளஞ்சி எழுந்திருக்கவில்லை." அவ்வளவு போதும். ஏன் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்துகொள்ள, படிக்கிற பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டும்.

வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் பேரையெல்லாம் எழுதிவைத்திருக்கிறாய். இது வருகைப் பதிவேடு இல்லை. சிரிக்கிறவனுக்கு ஒரு பேர் இருந்தால் போதும். பையன் சட்டை கிழிந்திருந்தது என்று நான்கு வரி வேண்டாம், படம் போடுகிறவருக்கு ஏதாவது வேலை மிச்சம் வை. முடிவில் வாத்தியார் எழுந்து நின்று மனிதர் எல்லோரும் சமம் என்று ஒரு பக்கம் பேசுகிறாரே, அதை அப்படியே கிழித்து எறி. பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வீட்டில் ஆள் இல்லையா? பிறகு முழுவதையும் வாய்விட்டுப் படி. எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை உடை.

இனி முக்கியமானது. நத்தை வேண்டாம். இந்தப் புத்தகத்தை வாங்கப்போவது நூலகங்களும் டவுனில் இருக்கிற பெற்றோர்களும். வெந்த நத்தையைக் கருவேல முள்ளால் குத்தி எடுக்கிற இடத்தை ஒரு தாய் படித்தால் புத்தகத்தை மூடிவிடுவாள். வேறு ஏதாவது வை. ஏழைப் பிள்ளையின் சாப்பாடு என்று தெரிந்தால் போதுமே, நத்தைதான் என்று என்ன கட்டாயம்? பையனுக்குப் புருவத்தில் அரிவாள் தழும்பும் தேவையில்லை.

சமர்ப்பணத்தையும் எடுத்துவிடு. சிறுவர் நூல்களில் அது வழக்கமில்லை.

வீட்டுக்கு நீ வரவேண்டும்தான். இப்போது கொஞ்சம் வசதிப்படவில்லை, எழுதுகிறேன்.

அன்புடன்,
முத்து


கீழப்பழுவூர்
22-7-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி சேவலை விரட்டிவிட்டேன். விடியலும் போயிற்று. வாத்தியார் பேச்சை வெட்டும்போது மட்டும் கொஞ்சம் வலித்தது, ஏனென்றால் அதை எழுதத்தான் அதிக நாள் ஆயிற்று. வெட்டிய பிறகு படித்துப் பார்த்தால் கதை எழுந்து நடக்கிறது. நேற்று வகுப்பில் "மணி அடித்தது" என்று நான் படித்ததும் கடைசி வரிசை நிஜமாகவே மணி அடித்துவிட்டதென்று தட்டை எடுத்துவிட்டது. சிரித்து மாளவில்லை. உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நத்தையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. படித்துக்கொண்டு போகும்போது "தூக்குவாளியில் நத்தைக் கறி" என்ற இடம் வந்தது. இருசம்மாள் தலையை நிமிர்த்தினாள். வேறொன்றும் இல்லை, நிமிர்த்திப் பார்த்தாள். நத்தை போய்விட்டால் அவள் எதற்காக நிமிர வேண்டும்? நான் யாருக்காக எழுதினேனோ அவளையே வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவதுபோல் இருக்கிறது.

தழும்பு உங்களுடையது என்பதால் வைத்தேன். சமர்ப்பணத்தில் 'என் அண்ணன் அ. முத்துவுக்கு, ஒரே தூக்குவாளியில் தின்ற நினைவுக்கு' என்றுதானே எழுதியிருக்கிறேன்? அதில் என்ன குற்றம்? எனக்கு இருக்கிற ஒரே பெருமை நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், விளங்காமல்தான் கேட்கிறேன்.

போன மாசம் பயிற்சிக்காகப் பெரம்பலூர் வந்தபோதும் பஸ் ஸ்டாண்டிலேயே காபி வாங்கிக் கொடுத்து ஏற்றிவிட்டீர்கள். அண்ணிக்குக் காய்ச்சல் என்றீர்கள். காய்ச்சல்காரியைப் பார்க்கத்தானே நாத்தனார் இருக்கிறாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். போகட்டும்.

உங்கள் தங்கை,
ஆண்டாயி


பெரம்பலூர்
5-8-1979

அன்புத் தங்கைக்கு,

உன் பிடிவாதம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் இது நம் தெருப் பஞ்சாயத்து இல்லை, புத்தகத் தொழில்.

உனக்கு வருத்தமாக இருக்குமே என்று முன்பு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். காசிநாதன் என்னிடம் நேராகவே சொல்லியிருக்கிறார். போன வருஷம் இந்த மாதிரி ஒரு கதை வந்தபோது, "நத்தை, நண்டு, எலி இதெல்லாம் நம்ம புத்தகத்துக்கு வேணாம் சார், அப்படி எது வந்தாலும் நீங்களே திருப்பிடுங்க" என்றார். நீ எனக்குத் தெரியாமல் நேராக அனுப்பினாலும் கட்டு என் கைக்குத்தான் வரும். நான் என்ன எழுதுவது, சொல். அவர் வேண்டாம் என்றதை நல்லது என்று எழுதினால் என் பேர் கெடும். கெட்டது என்று எழுதினால் நீ அழுவாய்.

நத்தையை மாற்றினால் நானே கூட ஒரு வரி எழுதி அனுப்புகிறேன். 'பார்த்தேன், போடலாம்' என்று நான் எழுதினால் அவர் மறுப்பதில்லை. ஒரு புத்தகம் வந்துவிட்டால் அடுத்ததில் நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள். முதலில் உள்ளே நுழைய வேண்டாமா?

இன்னொன்று. அட்டையில் ஆண்டாயி என்று போட்டால் எடுபடாது. ஆனந்தி என்று வைத்துக்கொள். நானும் சென்னையில் அரியமுத்து என்கிற பேரை அ. முத்து என்று சுருக்கிக்கொண்டவன்தான். அதனால் நான் என்ன குறைந்துபோனேன்?

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

முத்து


கீழப்பழுவூர்
30-9-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

மாற்றிவிட்டேன்.

நத்தைக்குப் பதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தழும்பு இல்லை. சமர்ப்பணம் இல்லை. பேர் ஆனந்தி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததோ என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் இந்தத் தொழிலில் தின்று கொட்டை போட்டவர் நீங்கள். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மாற்றியதை வகுப்பில் படித்தேன். "கெழங்குக்கு எதுக்கு டீச்சர் சிரிக்கிறாங்க?" என்று ஒருத்தன் கேட்டான். "அது அப்படித்தான், கேளு" என்று அதட்டிவிட்டேன். இருசம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் பின்பக்கம் போய்த்தான் சாப்பிடுகிறாள். புத்தகம் வந்ததும் படம் பார்க்கலாம் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கட்டை உங்களுக்கே அனுப்புகிறேன். உங்கள் வரியையும் சேர்த்து அனுப்பிவையுங்கள். உங்களை நம்பித்தான் இதைச் செய்திருக்கிறேன் அண்ணே.

உங்கள் தங்கை,
ஆண்டாயி


கீழப்பழுவூர்
24-2-1980

அண்ணனுக்கு,

டிசம்பரில் கதை திரும்பி வந்ததையும், அதற்கு நீங்கள் 'வருந்தாதே, காலம் வரும்' என்று கார்டு போட்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். 'சண்டைக்குக் காரணமே இல்லாத கதையாக இருக்கிறது' என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். என் வகுப்புப் பையன் கேட்டதும் அதைத்தான். நான்தான் கெட்டிக்காரி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று அரியலூரில் பள்ளிக்கூடங்களுக்காகப் புத்தகக் கண்காட்சி நடந்தது. எங்கள் தலைமையாசிரியர் என்னையும் அனுப்பினார். ஒரு கடையில் வெள்ளைச் சட்டை போட்ட வயசானவர் உட்கார்ந்திருந்தார். பேர்ப்பலகையைப் பார்த்தேன். காசிநாதன்.

பயத்தோடு போய் நின்று, நான்தான் அந்தக் கிழங்குக் கதை எழுதினவள் என்றேன். உட்காரச் சொன்னார். "ஏம்மா, ஒங்க எழுத்து நல்லாருக்கு. ஆனா ஒரு கெழங்குக்கா ஒரு பையன் அப்படிக் கூனிக் குறுகிப் போவான்?" என்றார். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "மொதல்ல நத்தைன்னுதான் சார் எழுதியிருந்தேன்" என்றேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நத்தையா? அதத்தாம்மா நான் ரெண்டு வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன். களையெடுக்கப் போற சனங்களோட பிள்ளைங்க என்ன திங்குது, எங்க வெளையாடுது, இத எழுத ஆளே இல்ல. ஒங்க பெரம்பலூர் முத்து சார்கிட்டயே கேட்டேன். நீங்க அந்தப் பக்கத்து ஆளாச்சே, நீங்களே எழுதுங்கன்னேன். அந்த வாழ்க்கை எனக்குப் பழக்கமில்லீங்கன்னுட்டாரு" என்றார்.

அந்த வாழ்க்கை எனக்குப் பழக்கமில்லீங்க.

அண்ணே, கடைக்கு முன்னால் அத்தனை ஜனம் போகிறது வருகிறது. நான் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். நத்தை வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. நீங்கள் சொன்னீர்கள். அவர் வாயில் வைத்துச் சொன்னீர்கள். அவர் கேட்ட கதை உங்கள் கையிலேயே இருந்தது, அதை என் கையாலேயே அழிக்கவைத்து, அழித்ததைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தீர்கள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வெளியாள் யாராவது செய்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். நான் உங்களை நம்பி என் கதையை அல்லவா கொடுத்தேன்.

"ஏம்மா மாத்துனீங்க?" என்று அவர் கேட்டார். உங்கள் பேர் நாக்கு நுனிவரை வந்தது. "நானாத்தான் சார் மாத்திட்டேன்" என்றேன். பழைய பிரதியைத் திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

எதற்காகச் செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

ஆண்டாயி


பெரம்பலூர்
3-3-1980

ஆண்டாயிக்கு,

கேட்டாய், சொல்கிறேன். ஆனால் உனக்கு மட்டும்தான் மோசம் நடந்தது என்று நினைத்துக்கொள்ளாதே.

இந்த ஊரில் நான் வீடு தேடி அலைந்தது உனக்குத் தெரியாது. போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது கேள்வி எந்தத் தெரு. காலனி என்று உண்மையைச் சொன்ன வீட்டில் எல்லாம், நேற்றுத்தான் வேறு ஆளுக்குப் பேசிவிட்டோம் என்றார்கள். கடைசியில் அய்யாக்கண்ணு ஐயா வீட்டில் தா.பழூர்ப் பக்கம் பெரிய தெரு என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்ததில்லை, யோசித்துத்தான் சொன்னேன். அந்த வீட்டுக் கிணற்றில்தான் உன் அண்ணி தண்ணீர் இறைக்கிறாள். அவர் பேத்தி என் வகுப்பில் படிக்கிறாள். என் பிள்ளைகள் அவர்கள் வீட்டுக் கூடத்தில் விளையாடுகின்றன. உன்னைப் பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்தியது ஏன் என்று இப்போது புரிகிறதா? உன் பேச்சில் நம் தெரு இருக்கிறது. நீ வாயைத் திறந்தால் போதும்.

அப்படி இருக்கிறவனுக்கு நீ என்ன அனுப்பினாய்? புருவத் தழும்போடு ஒரு பையன். நத்தைக் கறி. மேலே அ. முத்துவுக்குச் சமர்ப்பணம், ஒரே தூக்குவாளியில் தின்ற நினைவுக்கு. அந்தப் புத்தகம் எங்கள் பள்ளி நூலகத்துக்கு வரும். அந்தப் பெண் அதை வீட்டுக்கு எடுத்துப்போவாள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா?

அதையாவது பொறுத்துக்கொள்வேன். "இது என்னுது இல்ல" என்று நான் சொன்னது பொய் என்பது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அப்போது நான் சின்னப் பையன். அதை இத்தனை வருஷம் நெஞ்சில் பொத்தி வைத்திருந்து, ஊரில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் படிக்கட்டும் என்று எழுதிவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? எழுதி முடித்த பிறகு, திருத்திக் கொடு என்று என்னிடமே அனுப்புகிறாய். என் தோலை உரித்து, என் கையிலேயே கொடுத்துத் தையல் நேராக இருக்கிறதா பார் என்கிறாய். இதற்குப் பேர் என்ன?

ஆரம்பத்தைப் பற்றியும் வாத்தியார் பேச்சைப் பற்றியும் நான் சொன்னதில் பொய் இல்லை. அது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

நத்தைக் கதையை அவருக்கு அனுப்பாதே. அண்ணன் கேட்கிறேன்.

முத்து


கீழப்பழுவூர்
20-3-1980

முத்தண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். வீட்டுக்காக நீங்கள் பட்டதற்கு ஒருமுறை. நீங்கள் என்னிடம் சொல்லாமல் போனதற்கு ஒருமுறை. "ஆண்டாயி, எனக்கு இப்படி ஒரு சங்கடம், என் பேரை எடுத்துவிடு" என்று நாலு வரி எழுதியிருந்தால் நான் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? அதை விட்டுவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, புத்தகத் தொழில் தெரியாதவள் என்று என்னையே நம்பவைத்தீர்கள். வீட்டுக்காரரிடம் பொய் சொல்ல உங்களுக்கு நியாயம் இருந்தது. என்னிடம் சொல்ல என்ன நியாயம்? நான் என்ன உங்களுக்கு வாடகைக்கு வீடு விட்டவளா?

உங்களைக் கேட்காமல் எழுதியது தப்பு என்கிறீர்கள். சரி. ஆனால் நான் உங்களைக் காட்டிக்கொடுக்க எழுதவில்லை. கடைசிப் பகுதியை ஏன் அப்படி எழுதினேன் தெரியுமா? மறுநாள் மத்தியானம் உங்கள் வாளியைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறப்பீர்கள், "நேத்து இருந்ததும் என்னுதுதான்" என்று சொல்வீர்கள் என்று. நீங்கள் சாப்பாடே கொண்டுவரவில்லை. பட்டினியாக உட்கார்ந்திருந்தீர்கள். நடக்காததை எழுத்திலாவது நடத்திவைக்கலாம் என்று உங்களுக்காக எழுதினேன்.

இப்போது மாற்றிவிட்டேன். தழும்பு இல்லை. சமர்ப்பணம் இல்லை. உங்களைத் தேடி யாராலும் வர முடியாது. மறுநாள் கொளஞ்சி ஒன்றும் கொண்டுவருவதில்லை. பூவாயிதான் தன் வாளியில் நத்தைக் கறி கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் மூடியைத் திறந்துவைக்கிறாள். மணியில் ஆரம்பிக்கிறது, வாத்தியார் வாயே திறப்பதில்லை, அதெல்லாம் நீங்கள் சொன்னபடியே. உங்களைப்போல் என் கதையை யாரும் படித்துத் திருத்தியதில்லை. அதுதான் அதிகமாகச் சுடுகிறது.

முன்பக்கம் மட்டும் ஆண்டாயி என்றே இருக்கும்.

கதையைக் காசிநாதன் சாருக்கு அனுப்பிவிட்டேன். யாரிடம் படிக்கக் கொடுக்கட்டும் என்று கேட்டிருந்தார். பெரம்பலூர் முத்து சாரே பார்க்கட்டும் என்று எழுதியிருக்கிறேன். கட்டு உங்களிடம் வரும். பழிவாங்க இல்லை. உங்கள் வீட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லாத கதை இப்போது. நல்லதென்றால் நல்லதென்று இரண்டு வரி எழுதுங்கள், அதற்கு மேல் நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தூக்குவாளி மறுபடியும் உங்கள் முன்னால் இருக்கிறது, அண்ணே.

ஆண்டாயி


பெரம்பலூர்
28-4-1980

ஆண்டாயிக்கு,

கட்டு வந்தது. படித்தேன். முதல் கடிதத்தில் நீ கேட்டாயே, வெளியாள் கதையைப் போலப் பாருங்கள் என்று, அப்படித்தான் படித்தேன்.

காசிநாதனுக்கு இன்று எழுதிப் போட்டுவிட்டேன். இந்தக் கதையில் வருகிற வாழ்க்கை எனக்குப் பழக்கமில்லாதது, ஆகவே இதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை, வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்று எழுதியிருக்கிறேன். கெட்டது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அதை நீ கவனிக்க வேண்டும். நல்லது என்று நான் எழுதினால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அவர் அடிக்கடி இங்கே வருகிறவர். அய்யாக்கண்ணு ஐயாவோடு உட்கார்ந்து பேசுகிறவர்.

பூவாயி மூடியைத் திறக்கிற இடத்தில் ஒரு வாக்கியம் நீளமாக இருக்கிறது. உடைத்துவிடு.

சித்திரை போகட்டும், ஒருமுறை நானே கீழப்பழுவூருக்கு வருகிறேன். நேரில் பேசினால் இதெல்லாம் சரியாகிவிடும்.

முத்து


கீழப்பழுவூர்
15-6-1980

திரு. அ. முத்து அவர்களுக்கு,

நீங்கள் கைவிட்ட பிறகு காசிநாதன் சார் கதையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அவரே படித்தாராம். போடுகிறோம், படம் போட ஆள் பார்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறார். அந்த நீளமான வாக்கியத்தை உடைத்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரிதான்.

நீங்கள் வரவேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் வந்தால் உங்கள் மாப்பிள்ளை உங்களுக்காகக் கோழி அடிப்பார், தெரு கூடிவிடும், "நம்ம அரியமுத்து வந்துருக்கு" என்று கிழங்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொள்ளும். திரும்பிப் போய் நீங்கள் அதற்கும் ஒரு பொய் தேட வேண்டும். அந்தச் சிரமம் எதற்கு? எனக்கும் மனம் விட்டுப்போயிற்று. முதல் தடவை நீங்கள் சின்னப் பையன், பயந்துவிட்டீர்கள். இரண்டாவது தடவை குடும்பஸ்தர், வீடு போய்விடும் என்று பயந்தீர்கள். இரண்டையும் நான் விழுங்கிக்கொண்டேன். மூன்றாவது தடவை பயப்பட ஒன்றுமே இல்லாமல் எடுத்து வைத்தேன். அப்போதும் உங்கள் கை தானாகவே வாளியை என் பக்கம் தள்ளியது. இதற்கு மேல் உங்களிடம் எதிர்பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று கதையை முழுசாகப் படித்துக் காட்டினேன். இருசம்மாள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள், ஆனால் கதை நடக்கிறது என்று தெரிந்து வந்து வாசலில் நின்றுகொண்டாள். முடிந்ததும் எல்லோரும் ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் போகவில்லை.

"அந்தக் கொளஞ்சி நெசமாவே இருந்தானா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்லடி. நானாக் கட்டுனது" என்றேன்.

உங்களுக்காக நான் சொல்லக்கூடிய பொய் இவ்வளவுதான். இனி என்னிடம் பாக்கி இல்லை.

அவள் தூக்குவாளியின் பிடியைத் திருகினாள். "அப்ப பூவாயி?" என்றாள்.

"பூவாயி இருந்தா" என்றேன்.

ஆண்டாயி